எங்கள் நகராட்சியில் குப்பைப் பணியை முழுசாக வெளியாருக்கு விடப் போகிறார்கள். ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

குளத்துமேடு:
வணக்கம். ஊர் பெயர் வேண்டாம், நடுத்தரமான ஒரு நகராட்சி. இதுவரை நிரந்தரப் பணியாளர்கள் கொஞ்சம் பேர், மீதிப் பேர் சுய உதவிக் குழு மூலமாகத் தினக்கூலிக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வீடு வீடாகக் குப்பை வாங்குவது, தெரு பெருக்குவது, கிடங்குக்குக் கொண்டுபோவது எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கம்பெனிக்கு விடுவதாக அடுத்த நகர்மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா வந்திருக்கிறது. எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா எனக்குப் பழக்கம், நான் கணக்கு எழுதுகிறவன் என்பதால் டெண்டர் ஆவணத்தைக் கொடுத்து "படிச்சுச் சொல்லு தம்பி, நான் கை தூக்கலாமா வேண்டாமா" என்று கேட்கிறார். நூற்று நாற்பது பக்கம், முழுக்க ஆங்கிலம். வாகனத்தின் நிறம் முதல் சீருடையில் லோகோ எங்கே வர வேண்டும் என்பது வரை இருக்கிறது. எது முக்கியம், எது வெறும் ஜோடனை என்று தெரியவில்லை. தனியார் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை எனக்கு இப்போது உதவாது. விட்டால் எப்படி விட வேண்டும், எந்த இடத்தில் ஏமாறுவோம், அதைச் சொல்லுங்கள்.

நேர்கோடு:
முதலில் ஒன்று. இதில் பயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் நிரந்தரப் பணியாளர்கள் இருந்த காலத்தில் வாரம் இரண்டு நாள் வந்தால் பெரிது, கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள். 108 ஆம்புலன்ஸைப் பாருங்கள். 2008 செப்டம்பரில் இங்கே தொடங்கியது, செலவு அரசாங்கத்துடையது, ஓட்டுவது வெளி அமைப்பு. இன்றைக்கு விபத்து என்றால் யாராவது நகராட்சிக்கு போன் போடுகிறார்களா? எல்லாருக்கும் 108தான் நினைவுக்கு வருகிறது. அரசு எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. வேலை நடக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுத்தால் போதும்.

பழையஆய்வாளர்:
நேர்கோடு தம்பி, உங்கள் கடைசி வரியில்தான் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது. "வேலை நடக்கிறதா என்று பார்த்து." யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது?

நான் துப்புரவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குளத்துமேடு கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஆவணத்தைத் திறந்ததும் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு பக்கம்: பணம் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கும் பக்கம். டன்னுக்கா, வீட்டுக்கா, ஆள் கணக்குக்கா, மொத்தமாக மாதத்துக்கா? மீதி நூற்று முப்பத்தொன்பது பக்கம் என்ன சொன்னாலும் சரி, கம்பெனி அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யும். இதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான்.

சென்னை இதில் இருபத்தைந்து வருட அனுபவம் உள்ள ஊர். 2000இல் மூன்று மண்டலங்களில் ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி வந்தது, பச்சைத் தொட்டியும் புது வண்டியுமாக ஊரே வேடிக்கை பார்த்தது. 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, 2012இல் ராம்கி. அந்த ஆரம்பகால ஒப்பந்தங்களில் பணம் எடைக்கு. கிடங்கு வாசலில் எடை மேடையில் வண்டி ஏறும், சீட்டு வரும், அந்தச் சீட்டுதான் பில். எடைக்குப் பணம் என்றால் என்ன ஆகும்? வீட்டில் மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்து வாங்கினால் எடை குறையும், மக்களே உரம் போட்டால் எடை குறையும், பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போனால் குறையும். அதாவது ஊருக்கு நல்லது எதுவோ அது கம்பெனிக்கு நஷ்டம். மண்ணும் கட்டட இடிபாடும் சேர்த்து எடை ஏற்றுகிறார்கள் என்று அந்தக் காலத்தில் புகார் மேல் புகார் வந்தது அதனால்தான்.

நான் வேலை பார்த்த ஒரு ஊரிலும் இதே கதைதான், கம்பெனி வேறு. மழைக்கால அதிகாலையில் எடை மேடைக்குப் போய் நின்றிருக்கிறேன். தார்ப்பாய் போடாமல் திறந்தபடி வந்த லாரி, தண்ணீர் சொட்டச் சொட்ட மேடையில் ஏறும். ஈரக் குப்பை ஒரு லோடுக்கு எவ்வளவு கூடுதல் எடை காட்டும் என்று நினைத்துப் பாருங்கள். "ஏன்யா தார்ப்பாய் போடலை" என்று கேட்டால் டிரைவர் பாவம், "போட வேணாம்னு சொல்லிட்டாங்க சார்" என்றான். தார்ப்பாய் போடாததற்கு ஒப்பந்தத்தில் அபராதம் இருந்தது. ஆனால் அந்த அபராதத்தைவிட ஈரத்தின் எடைக்குக் கிடைத்த பணம் அதிகம்.

2020இல் சென்னை அதை மாற்றியது. உர்பேசர் சுமீத் வந்த ஒப்பந்தத்தில் எடைக்குப் பதிலாகச் செயல்பாட்டு அளவுகோல்களை வைத்துப் பணம், எட்டு வருடத்துக்கு. அந்தத் திசை சரி. ஆனால் அளவுகோல் வைத்தால் அளப்பதற்கு ஆள் வேண்டும். அது உங்கள் நகராட்சியில் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

குளத்துமேடு:
சார், மிக்க நன்றி. நீங்கள் சொன்ன பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், எழுபதாம் பக்கத்துக்கு மேலே ஒரு இணைப்பில் ஒளிந்திருக்கிறது. பெருக்குவதற்கு ஆள் கணக்கு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று விலை கேட்கிறார்கள். எடுத்துப் போவதற்கு டன் கணக்கு. பிரித்து வாங்கினால் தனியாக ஒன்றும் இல்லை, பிரிக்காவிட்டால் "உரிய பிடித்தம் செய்யப்படும்" என்று மட்டும் இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. எங்கள் ஊரில் இரண்டு நுண் உரம் செயலாக்க மையம் இருக்கிறது, அது என்ன ஆகும் என்று ஒரு வரியும் இல்லை.

ஆய்வாளர் மொத்தமே மூன்று பேர். அதில் ஒருவர் பிறப்பு இறப்புச் சான்றிதழ் வேலையும் பார்க்கிறார்.

செங்கல்சூளை:
ஆள் கணக்கு என்று சொன்னீர்களே, அங்கேதான் எங்கள் ஆட்கள் வயிற்றில் அடிப்பார்கள். நான் சங்கத்துக்காரன், அதை மறைக்கவில்லை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், குளத்துமேடு கணக்குக்காரர் என்பதால் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

கலெக்டர் நிர்ணயித்த தினக்கூலி உதாரணத்துக்கு 500 என்று வையுங்கள். கம்பெனி பங்கு பிஎஃப் நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், 65 ரூபாய். இஎஸ்ஐ 3.25 சதவீதம், 16 ரூபாய் 25 காசு. போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், 41 ரூபாய் 65 காசு. ஆக 622 ரூபாய் 90 காசு. இதில் கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை, துடைப்பம் இல்லை, பணிக்கொடைக்கு ஒதுக்கீடு இல்லை, கம்பெனிக்கு ஒரு பைசா லாபம் இல்லை. சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய தொகை மட்டும்.

இப்போது டெண்டரில் ஒருவர் 560க்கு எடுக்கிறேன் என்று போட்டு எல்1 ஆக, அதாவது இருப்பதிலேயே குறைந்த விலை கேட்டவராக, வருகிறார். எல்லாரும் "குறைந்த விலை, நகராட்சிக்கு மிச்சம்" என்று கை தட்டுவார்கள். அந்த 63 ரூபாய் எங்கிருந்து வரும்? 150 பேர், மாதம் 26 நாள் என்றால் கிட்டத்தட்ட 2 லட்சத்து 45 ஆயிரம். வானத்திலிருந்து வராது. பிஎஃப் கட்டாமல் விடுவார்கள், அல்லது 150 பேர் என்று காட்டி 120 பேரை வைத்து வேலை வாங்குவார்கள், அல்லது கூலியிலேயே கை வைப்பார்கள். குப்பை அள்ளுவதில் செலவின் பெரும்பகுதி மனிதர்கள்தான். அங்கே "சிக்கனம்" என்றால் அந்த மனிதர்களிடமிருந்து எடுப்பது என்றுதான் அர்த்தம், வேறு வழியே கிடையாது.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் என்ன நடந்தது என்று எல்லாரும் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் இரண்டு மண்டலப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆகஸ்ட் 1 முதல் உட்கார்ந்தார்கள். மாநகராட்சியில் நேரடியாக வாங்கிக்கொண்டிருந்தது சுமார் 23,000, கம்பெனிக்குப் போனால் சுமார் 17,000 என்பதுதான் அவர்கள் சொன்னது. பல வருடம் அதே தெருவைப் பெருக்கியவர்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது. பிறகு காலை உணவு தருகிறோம், அது தருகிறோம் இது தருகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அவர்கள் கேட்டது சோறு இல்லை. அதே வேலை, அதே சம்பளம், அதே முதலாளி.

நேர்கோடு:
செங்கல்சூளை தோழர், உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. 622க்குக் கீழே போட்ட டெண்டரைத் திறந்ததும் நிராகரிக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். பல நகராட்சிகளில் வரிவசூல் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்குமே பற்றாது. நிரந்தரப் பணியிடத்தை நிரப்ப மேலிருந்து அனுமதியே வராது. கமிஷனர் நினைத்தாலும் ஒரு ஆளை நேரடியாக எடுக்க முடியாத நிலையில், "நேரடியாக எடு" என்று அவரிடம் கோஷம் போட்டு என்ன பயன்?

108ஐ நான் சும்மா சொல்லவில்லை. அதை நடத்தும் இஎம்ஆர்ஐ என்ற அமைப்பை 2005இல் ஹைதராபாத்தில் தொடங்கியது சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் ராமலிங்க ராஜு. இங்கே சேவை தொடங்கி நாலே மாதத்தில், 2009 ஜனவரியில், சத்யம் மோசடி வெடித்தது. அப்புறம் ஜிவிகே என்ற இன்னொரு தொழில் குழுமம் எடுத்துக்கொண்டது. வண்டி ஒரு நாள் நிற்கவில்லையே, எப்படி? செலவைத் தருவது அரசு, தினமும் எத்தனை அழைப்பு, எத்தனை நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகிறது, மேலே உட்கார்ந்து பார்க்க சுகாதாரத் துறையில் ஒரு அமைப்பு இருந்தது. முதலாளி மாறினாலும் வேலை மாறவில்லை. அப்படி எழுத முடிந்தால் குப்பைக்கும் எழுதலாம்.

செங்கல்சூளை:
108 ஊழியர்கள் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டை எதிர்த்து எத்தனை முறை போராடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் தோழர். வண்டி நிமிடக் கணக்கில் வருகிறது, ஓட்டுகிறவர் எத்தனை மணி நேரமாக முழித்திருக்கிறார் என்பது அந்தக் கணக்கில் வராது.

தேம்ஸ்கரையோரம்:
இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே லண்டனில் ஒரு கவுன்சிலில் ஒப்பந்தப் பிரிவில் கனகாலமாக வேலை செய்கிறேன். நீங்கள் அங்கே இப்போது கதைக்கிற எல்லாவற்றையும் இங்கே நாற்பது வருடமாகச் செய்து பார்த்துவிட்டார்கள்.

1988இல் தாட்சர் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. குப்பை, சுத்திகரிப்பு, பள்ளிச் சாப்பாடு போன்ற வேலைகளைக் கவுன்சில்கள் கட்டாயம் டெண்டருக்கு விட்டே ஆக வேண்டும், கவுன்சிலின் சொந்த ஆட்களும் போட்டி போட்டுத்தான் அந்த வேலையைப் பெற வேண்டும். விலைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. செலவு குறைந்தது உண்மை, ஆனால் எங்கே குறைந்தது என்று பார்த்தால் செங்கல்சூளை சொன்ன அதே இடம்தான், ஆட்களின் எண்ணிக்கையும் சம்பளமும். 1999இல் பிளேர் அரசு அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, விலையோடு தரத்தையும் பார் என்று மாற்றியது.

ஒன்று மட்டும் இங்கே நல்லது இருக்கிறது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1981இலிருந்து டூப்பி என்று ஒரு விதிமுறை. வேலை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால், அந்த வேலையைச் செய்கிற ஆட்களும் அதே சம்பளம், அதே லீவு, அதே சேவைக்காலத்தோடு கூடவே போவார்கள். தொடக்கத்தில் அது கவுன்சில் ஆட்களுக்குப் பொருந்துமா என்றே வழக்கு நடந்தது, பிறகு உறுதியானது. ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார் என்பதற்காக இருபது வருடச் சேவை உள்ள ஒருவரைப் புது ஆளாக்க முடியாது. புதிதாகச் சேர்க்கிறவர்களுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்து அதிலும் ஓட்டை போட்டார்கள், அது வேறு கதை. உங்கள் ஊரில் அந்தச் சட்டம் இல்லை என்றால் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாமே, யார் தடுக்கிறார்கள்?

"பார்ப்பதற்கு ஆள் வேண்டும்" என்று ஆய்வாளர் ஐயா சொன்னார். அதற்கு இங்கே நடந்ததைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. குற்றவாளிகளின் காலில் மாட்டுகிற மின்னணுப் பட்டையைக் கண்காணிக்கிற வேலையை நீதி அமைச்சு ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு கம்பெனிகளுக்குக் கொடுத்திருந்தது. 2013இல் கணக்கைத் தோண்டிப் பார்த்தபோது, இறந்துபோனவர்கள், திரும்பச் சிறைக்குப் போனவர்கள், நாட்டை விட்டே போனவர்கள் பெயரிலும் பில் போயிருந்தது. செர்கோ 6 கோடியே 85 லட்சம் பவுண்ட் திருப்பிக் கட்டியது, ஜி4எஸ் அதைவிட அதிகம், கிட்டத்தட்ட 11 கோடி. அந்தப் பில்களுக்கு வருடக்கணக்காக அமைச்சு பணம் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. லண்டனில், இவ்வளவு கணக்காய்வாளர்கள் உள்ள நாட்டில்!

நன்னடத்தை மேற்பார்வையையும் 2014இல் பிரித்துக் கொடுத்தார்கள். சிறையிலிருந்து வந்தவர்களில் ஆபத்துக் குறைந்தவர்களை 21 கம்பெனிகளிடம் விட்டு, அவர்கள் திரும்பக் குற்றம் செய்யாவிட்டால் கூடுதல் பணம் என்றார்கள். கேட்க நல்லாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மனிதன் திரும்பக் குற்றம் செய்வதும் செய்யாததும் வீடு, வேலை, குடி, குடும்பம் என்று எத்தனையோ விஷயத்தில் தங்கியிருக்கிறது, கம்பெனி கையில் இருப்பது அதில் கொஞ்சம்தான். வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை, ஆட்களைக் குறைத்தார்கள், சிலரை நேரில் பார்க்காமல் தொலைபேசியில் பேசியே மேற்பார்வை என்று முடித்தார்கள். 2021 ஜூனில் எல்லாவற்றையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. எதற்குப் பணம் என்று எழுதும்போது, அது கம்பெனியால் செய்யக்கூடிய காரியமா என்றும் பார்க்க வேண்டும்.

வண்டிமேஸ்திரி:
நான் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் மேற்பார்வையாளர். எல்லாரும் எங்களைத் திருடன் மாதிரியே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நகராட்சி பில்லை எப்போது பாஸ் பண்ணும் என்று யாராவது கேட்டீர்களா? ஒப்பந்தத்தில் முப்பது நாள் என்று இருக்கும். நான் பார்த்த ஒரு நகராட்சியில் நாலு மாத பில் நிலுவை. ஆட்களுக்கு ஏழாம் தேதிக்குள் கூலி கொடுத்தாக வேண்டும். பெரிய கம்பெனி என்றால் வங்கியில் வாங்கிச் சமாளிக்கும், உள்ளூர்ச் சின்ன ஒப்பந்தக்காரர் வட்டிக்கு வாங்குவார். அந்த வட்டியை அடுத்த டெண்டரில் விலையில் ஏற்றுவார், அல்லது ஆள் கணக்கில் கை வைப்பார். பில் ஒவ்வொரு மேஜையாக நகர்வதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று இங்கே எழுத முடியாது, எல்லாருக்கும் தெரியும். இதோடு, ஒப்பந்தத்தில் இல்லாத வேலை: கோயில் திருவிழா, அமைச்சர் வருகை, யாரோ ஒருத்தர் வீட்டுக் கல்யாண மண்டபம். மூன்று வார்டு ஆளை எடுத்து ஒரே இடத்தில் போடு என்பார்கள். அன்றைக்கு அந்த மூன்று வார்டிலும் குப்பை கிடக்கும், பொதுமக்கள் போட்டோ எடுத்துப் போடுவார்கள், அபராதம் எங்களுக்கு.

குளத்துமேடு சார், அபராதப் பக்கத்தைப் பார்க்கிறபோது, நகராட்சி தாமதித்தால் அதற்கு என்ன என்றும் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்.

குளத்துமேடு:
பார்த்துவிட்டேன், வெறுமையாகத்தான் இருக்கிறது. இதை நான் யோசித்தே இருக்க மாட்டேன், நன்றி மேஸ்திரி.

மல்லிகா_வாசல்:
என் அம்மா பதினாறு வருடமாகத் தெரு பெருக்குகிறார். அதே ஊர், பெரும்பாலும் அதே நாலு தெரு. இதற்குள் முதலாளி பெயர் ஐந்து தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதுசாக ஆதார் நகல், புது போட்டோ, புது அடையாள அட்டை, புது பிஎஃப் கணக்கு. பழைய கணக்கில் அப்பா பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று பணம் எடுக்க முடியாமல் கிடக்கிறது, அந்தக் கம்பெனி இப்போது இந்த ஊரிலேயே இல்லை, யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது? பணிக்கொடை வாங்க ஒரே இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒப்பந்தமே மூன்று வருடம் என்றால் பதினாறு வருடம் ஆனாலும் ஐந்து வருடம் ஆகாது.

சம்பளச் சீட்டு என்று ஒன்றை அம்மா பார்த்ததே இல்லை. வங்கியில் விழுகிற தொகை மாதா மாதம் மாறும், ஏன் என்று கேட்டால் "லீவு போட்டிருப்பே" என்பார்கள். காலை ஐந்தரைக்கு முகத்தைக் காட்டி வருகைப் பதிவு, அதில் நெட்வொர்க் இல்லாமல் பதிவாகாவிட்டால் அரை நாள் போச்சு. கையுறை வருடத்துக்கு ஒரு தடவை வரும், பிரிக்காத குப்பையில் கண்ணாடி கிழித்து இரண்டே வாரத்தில் போய்விடும். அப்புறம் வெறும் கைதான். தேம்ஸ்கரையோரம் ஐயா சொன்ன அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "அங்கல்லாம் அப்படியா" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார், காலையில் நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

கருப்புஅங்கி:
மல்லிகா, அம்மாவின் பழைய பிஎஃப் விஷயமாகத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், கம்பெனி இல்லாவிட்டாலும் திருத்தம் செய்ய வழி இருக்கிறது.

சட்டம் பற்றிக் கொஞ்சம். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 21ஆவது பிரிவு நாலாம் உட்பிரிவு தெளிவாகச் சொன்னது: ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். முதன்மை வேலையளிப்பவர் என்றால் இங்கே நகராட்சி. இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் இந்தப் பொறுப்பு அதிலும் இருக்கிறது. "எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, கம்பெனியைப் போய்க் கேள்" என்று எந்த ஆணையரும் சொல்ல முடியாது. சொல்கிறார்கள், அது தனி.

ஆனால் ஒப்பந்த முறையே தவறு என்று தடை வந்தாலும் ஆட்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள், செயில் எனப்படும் இந்திய ஸ்டீல் ஆணையத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001லேயே சொல்லிவிட்டது. அதனால் வழக்கை நம்பி ஒப்பந்தத்தைக் கவனிக்காமல் விடாதீர்கள். டெண்டரை இறுதி செய்வதற்கு முன்னால் எழுத வைப்பது சுலபம், கையெழுத்தான பின் ஒரு வரி மாற்றுவதற்குள் வருடம் போய்விடும்.

இங்கே பேசியதை வைத்து நான் எழுதச் சொல்வது: இப்போது வேலை செய்கிறவர்களை அதே கூலியோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை, கூலி பிஎஃப் இஎஸ்ஐ போனஸ் எல்லாம் சேர்ந்த தொகைக்குக் கீழே விலை போட்டால் டெண்டர் செல்லாது என்ற நிபந்தனை, முந்தைய மாதக் கூலி வங்கியில் போட்ட பட்டியலும் பிஎஃப் சலானும் இணைக்காமல் பில் பாஸ் ஆகாது என்பது, அதே சமயம் சரியான பில் முப்பது நாளில் பாஸ் ஆகாவிட்டால் நகராட்சி வட்டி கொடுக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு வார்டிலும் எத்தனை பேர், யார் யார், என்ன அளவுகோலில் எவ்வளவு பிடித்தம் என்பது மாதா மாதம் நகராட்சி வாசலில் ஒட்டப்பட வேண்டும். கம்பெனியிடம் தகவல் உரிமைச் சட்டம் செல்லாது என்று தட்டிக் கழிப்பார்கள். நகராட்சியிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் அது நகராட்சியின் ஆவணம், நீங்கள் நகராட்சியிடம் கேட்கலாம்.

பழையஆய்வாளர்:
வக்கீல் சார் சொன்னதோடு இரண்டு சேர்க்க வேண்டும்.

வெளியே வருகிற வழி. எட்டு வருட ஒப்பந்தம், நடுவில் கம்பெனி திவாலானாலோ ஓடிவிட்டாலோ மறுநாள் காலை குப்பை எடுக்கப் போவது யார்? 2018 ஜனவரியில் இங்கிலாந்தில் அரசு வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்த கரில்லியன் என்ற பெரிய கம்பெனி திவாலாகி விழுந்தபோது மருத்துவமனைக் கட்டடம் பாதியில் நின்றது, லண்டன்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நமக்கு அவ்வளவு பெரிய கதை வேண்டாம். பேட்டரி வண்டியும் குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரியும் யார் பெயரில் இருக்கும்? கம்பெனி பெயரில் என்றால் அவன் போகிற அன்று எல்லாம் கூடவே போய்விடும், உங்கள் பழைய வண்டியை அதற்குள் ஏலம் விட்டிருப்பீர்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த நேரம் யார் போகிறார்கள் என்ற விவரமும் அவர்கள் செயலியில்தான் இருக்கும். வண்டிகளில் ஒரு பகுதியாவது நகராட்சி பெயரில் இருக்கட்டும், விவரம் முழுவதும் நகராட்சியின் சொத்து என்று எழுதுங்கள். முடிந்தால் நாலைந்து வார்டை நகராட்சியே வைத்துக்கொள்ளட்டும். ஒரு தெரு பெருக்க நிஜமாக எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்கள் உள்ளே இருந்தால்தான் வெளியே இருப்பவனின் பில்லைப் பார்த்துக் கேள்வி கேட்க முடியும்.

அடுத்தது சரிபார்க்கும் ஆள். நம் மாநிலத்திலேயே இதைச் சரியாகச் செய்த ஒரு இடம் உண்டு, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் ஆரம்பித்தது. அது மாத்திரை தயாரிப்பதில்லை, தனியாரிடம்தான் வாங்குகிறது. ஆனால் வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டுச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறது. சோதிப்பவருக்கு யார் மருந்து என்று தெரியாது. தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். வாங்குவதை எவ்வளவு அக்கறையாகச் செய்கிறார்களோ அவ்வளவு அக்கறை சோதிப்பதிலும் இருக்கிறது. உங்கள் நகராட்சியில் மூன்று ஆய்வாளர், அதில் ஒருவர் பிறப்பு இறப்பு. ஒப்பந்தத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கண்காணிப்புக்கு என்றே ஒதுக்கச் சொல்லுங்கள், இரண்டு ஆய்வாளராவது அந்த வேலை மட்டும் பார்க்கட்டும். கம்பெனி தானே எடுத்து அனுப்பும் போட்டோவை வைத்துப் பில் பாஸ் பண்ணாதீர்கள்.

தேம்ஸ்கரையோரம்:
கரில்லியனிடம் அப்போது நானூறுக்கும் மேற்பட்ட அரசு ஒப்பந்தங்கள் இருந்தன ஐயா. லிவர்பூல், பர்மிங்ஹாம் பக்கம் இரண்டு ஆஸ்பத்திரி கட்டுவது வருடக்கணக்காகத் தாமதமானது. முந்தைய ஜூலையிலேயே லாப எச்சரிக்கை கொடுத்த கம்பெனிக்கு அதற்குப் பிறகும் அரசு புது வேலை கொடுத்தது. அதனால் தம்பி, டெண்டர் போடுகிற கம்பெனி வேறு ஊர்களில் என்ன நிலையில் இருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்னமே பாருங்கள்.

குளத்துமேடு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். செங்கல்சூளை அண்ணன் கணக்கை எங்கள் மாவட்டக் கூலியை வைத்துப் போட்டுப் பார்த்தேன், நகராட்சி போட்ட மதிப்பீடே சட்டப்படி வர வேண்டிய தொகைக்குக் கீழே இருக்கிறது. அதாவது மதிப்பீட்டுத் தொகைக்கு அப்படியே டெண்டர் போட்டாலும் சட்டத்தை மீறாமல் நடத்த முடியாது. கவுன்சிலர் அக்காவிடம் காட்டினேன், தீர்மானத்தை ஒத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கொடுக்கப் போகிறார், இன்னும் நாலு கவுன்சிலர்கள் கையெழுத்துப் போடத் தயார், அதில் இரண்டு பேர் ஆளுங்கட்சி.

ஒரு கேள்வி. முன்கூட்டியே ஒரு கம்பெனி பெயர் ஊரில் அடிபடுகிறது. அவர்கள் பிஎஃப் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று வெளியே இருந்து பார்க்க முடியுமா?

கருப்புஅங்கி:
முடியும். பிஎஃப் அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பக்கம் இருக்கிறது, லாகின் எதுவும் வேண்டாம். கம்பெனி பெயரைப் போட்டால் மாதா மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். ஊர் வாரியாகப் பிரித்துக் காட்டாது, அந்தப் பதிவு எண்ணில் உள்ள மொத்த ஆட்கள்தான். வேறு பதிவு எண்கள் இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

குளத்துமேடு:
பார்த்தேன் சார். தங்கள் அனுபவத்துக்கு ஆதாரமாக ஒரே ஒரு ஊரில் மட்டும் 400 பேரை வைத்திருப்பதாகக் கம்பெனி விளம்பரத் தாளில் போட்டிருக்கிறார்கள். பிஎஃப் கட்டியிருப்பது மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து 260 பேருக்கு. பெயரைக் கொஞ்சம் மாற்றியும் தேடினேன், வேறு பதிவு எண் எதுவும் கிடைக்கவில்லை.

கருப்புஅங்கி:
கடைசி ஆறு மாதத்தையும் தேதி தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுங்கள். கவுன்சிலர் பெயரிலேயே ஆணையருக்கு ஒரு கடிதம், இந்தத் தாளை இணைத்து, "டெண்டர் ஆய்வுக் குழு இதைச் சரிபார்த்ததா" என்ற ஒரே கேள்வியோடு. தபாலில் போடாதீர்கள், நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். கூட்டத்துக்கு முன்னால் கொடுத்ததாகத் தேதி இருக்க வேண்டும்.

மல்லிகா_வாசல்:
அண்ணா, அந்த 400 பேர் ஊர் எது என்று எனக்குத் தனியாகச் சொல்ல முடியுமா? எங்கள் ஊராக இருந்தால் அம்மாவோடு வேலை செய்கிறவர்களின் பிஎஃப் எண்ணை வாங்கி அனுப்புகிறேன், கட்டியிருக்கிறதா இல்லையா என்று ஆள் ஆளாகப் பார்த்துவிடலாம்.